மேலே போகும் அறிக்கை, கீழே வராத பாடம்

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் வட சென்னையில் இயங்கும் தொண்டு நிறுவன அலுவலகங்களில் விளக்கு அணைய இரவு வெகுநேரமாகும். நிதியாண்டு முடிவதற்குள் நிதி கொடுத்தவருக்கு அறிக்கை போய்ச் சேர வேண்டும். வியாசர்பாடியில் மாலை நேரப் படிப்பு மையம் நடத்துகிறவர், காசிமேட்டில் மீன் விற்கும் பெண்களுக்குக் குழுக்கடன் ஏற்பாடு செய்கிறவர், கொருக்குப்பேட்டையில் தையல் வகுப்பு நடத்துகிறவர் எல்லோரும் அந்த நாட்களில் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். எத்தனை குழந்தைகள், எத்தனை முகாம்கள், எத்தனை தையல் இயந்திரங்கள் என்று கூட்டி எழுதுகிறார்கள். சிரித்த முகத்துடன் இரண்டு சிறுமிகளின் படம் அட்டையில் ஏறுகிறது. அறிக்கை போகிறது, அடுத்த தவணைப் பணம் வருகிறது. அறிக்கையை யார் படித்தார்கள், படித்து என்ன நினைத்தார்கள் என்பது அனுப்பியவருக்குத் தெரிய வருவதே இல்லை.

திட்ட மதிப்பீடு என்று இன்று பெரும்பாலும் நடப்பது இதுதான். ஆனால் மதிப்பீட்டின் முதல் பயன் வேறு. எது பலன் தருகிறது, யாருக்குத் தருகிறது, எது தரவில்லை, ஏன் தரவில்லை என்பதை வேலையைச் செய்கிறவர்களும் அதற்குப் பணம் கொடுக்கிறவர்களும் சேர்ந்து தெரிந்துகொண்டு, அடுத்த ஆண்டு அதை வேறு விதமாகச் செய்வதற்கான வழி அது. அந்த வழி வட சென்னையில் அடைபட்டுக் கிடக்கிறது. புள்ளியியல் தெரிந்த ஆள் இல்லை என்பது அதற்குச் சிறிய காரணம். கெட்ட செய்தியைச் சொன்னால் நிதி நின்றுபோகும் என்ற பயமே பெரிய காரணம் என்பது என் உறுதியான கருத்து.

இந்தப் பகுதிக்கு நிதி எப்படி வருகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். தான் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும் அனல்மின் நிலையமும் துறைமுகங்களும் வரிசையாக நிற்கும் பகுதி மணலி, எண்ணூர், ராயபுரம். அதனால் இந்த நிதியில் ஒரு பங்கு இயல்பாகவே இங்கே வந்து சேர்கிறது. புகையையும் எண்ணெய்க் கசிவையும் சுமந்த மக்களுக்கு அது யாரோ போடும் பிச்சை அல்ல, வர வேண்டிய பங்கு. அது எப்படிச் செலவாகிறது என்று கேட்கும் உரிமை முதலில் அவர்களுக்கே உண்டு.

2021 ஜனவரியில் விதிகள் திருத்தப்பட்டன. முந்தைய மூன்று ஆண்டுகளில் சராசரியாக 10 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேல் சமூகப் பொறுப்புச் செலவு செய்யக் கடமைப்பட்ட நிறுவனங்கள், 1 கோடி ரூபாய்க்குக் குறையாத திட்டங்களுக்குச் சுயேச்சையான அமைப்பு ஒன்றைக் கொண்டு தாக்க மதிப்பீடு, அதாவது திட்டத்தால் என்ன மாறியது என்ற ஆய்வு, செய்ய வேண்டும் என்ற கட்டாயம் வந்தது. திட்டம் முடிந்து குறைந்தது ஓராண்டு ஆகியிருக்க வேண்டும். இந்த மதிப்பீட்டுக்கு எவ்வளவு செலவைக் கணக்கில் காட்டலாம் என்ற வரம்பை 2022 செப்டம்பரில் மாற்றினார்கள். மொத்தச் சமூகப் பொறுப்புச் செலவில் 2 விழுக்காடு அல்லது 50 லட்சம் ரூபாய், இவற்றில் எது அதிகமோ அதுவரை காட்டலாம்.

பெரிய திட்டங்களைக் கேள்வி கேட்காமல் விடக்கூடாது என்ற அளவில் இது நல்ல விதி. ஆனால் கற்றுக்கொள்வதற்கு இது போதாது. திட்டம் முடிந்து ஓராண்டு கழித்து மதிப்பீட்டாளர் வரும்போது மையம் மூடப்பட்டிருக்கும், ஆசிரியை வேறு வேலைக்குப் போயிருப்பார், வாடகைக் கட்டடத்தில் வேறொரு கடை வந்திருக்கும். என்ன கண்டுபிடித்தாலும் திருத்திக்கொள்ள ஆள் இருக்க மாட்டார்கள். சில லட்சங்களில் நடக்கும் சிறு மையங்களோ இந்த விதிக்குள்ளேயே வருவதில்லை. ஆனாலும் பெரிய திட்டத்துக்காகத் தயாரித்த படிவத்தைத்தான் அவர்களிடமும் நீட்டுகிறார்கள்.

அந்தப் படிவங்களில் பெரும்பாலானவற்றின் மூதாதை 1969இல் அமெரிக்காவின் அரசு உதவி அமைப்பாக இருந்த யுஎஸ்எய்டுக்காக உருவாக்கப்பட்ட தர்க்கச் சட்டகம். என்ன செலவிட்டோம், என்ன செய்தோம், என்ன விளைந்தது, அதனால் என்ன மாறியது என்று கட்டங்கள் போட்டு எழுதுவது அதன் முறை. முதல் இரண்டு கட்டங்களை நிரப்புவது எளிது. இலவசக் கண் பரிசோதனை முகாமில் எத்தனை பேருக்கு மூக்குக்கண்ணாடி கொடுத்தோம் என்பது பதிவேட்டிலேயே இருக்கிறது. ஆறு மாதம் கழித்து எத்தனை பேர் அதைப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள், எத்தனை கண்ணாடிகள் மேசை இழுப்பறையில் கிடக்கின்றன என்பதை வீடு வீடாகப் போய்த்தான் பார்க்க முடியும். நிதி தருபவர் முதல் எண்ணைக் கேட்டுத் திருப்தியடைந்துவிட்டால் இரண்டாவதைத் தேடி யாரும் போக மாட்டார்கள்.

மாற்றத்தை அளக்கப் போகிறவர்களும் அடிக்கடி வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. 'முன்பு, பின்பு' என்று இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வித்தியாசம் முழுவதையும் திட்டத்தின் கணக்கில் எழுதிவிடுவார்கள். காசிமேட்டையே எடுத்துக்கொள்வோம். கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. புதிய நிதியாண்டில் திட்டம் ஏப்ரலில் தொடங்குகிறது, ஆளெடுத்து வினாநிரல் அச்சிட்டு முதல் கணக்கெடுப்பை மே மாதம் எடுக்கிறார்கள். அப்போது துறைமுகத்தில் படகுகள் கட்டிக் கிடக்கும். ஐஸ் உடைப்பவர், கூடை தூக்குபவர், கருவாடு போடுபவர், ஏலத்தில் எடுத்துத் தெருவில் விற்பவர் என எல்லோர் வருமானமும் அடிமட்டத்தில் இருக்கும். அடுத்த கணக்கெடுப்பு செப்டம்பரில் நடந்தால் வருமானம் எகிறியிருக்கும். குழுக்கடன் வாங்கியவர் வருமானமும் எகிறியிருக்கும், வாங்காதவர் வருமானமும் எகிறியிருக்கும். அறிக்கையில் அது குழுக்கடனின் வெற்றியாகப் பதிவாகிவிடும். வட சென்னையைத் தெரிந்த எந்தப் பெண்ணிடம் கேட்டாலும் மே மாதக் கணக்கை நம்பாதீர்கள் என்று சொல்லியிருப்பார். அவரைக் கேட்கும் பழக்கம்தான் இல்லை.

ஒப்பிட்டுப் பார்க்க ஆள் இருந்தால் என்ன தெரியவரும் என்பதற்கு ஹைதராபாத்தில் நடந்த ஆய்வு நல்ல சான்று. ஏழைப் பெண்களுக்கு இப்படிக் குழுவாகச் சிறு கடன் தரும் நுண்கடன் நிறுவனம் ஒன்று நுழையத் தயாராக இருந்த 104 குடியிருப்புப் பகுதிகளில் பாதியைக் குலுக்கல் முறையில் தேர்ந்து அங்கே முதலில் கிளை திறந்தார்கள். 2015இல் வெளிவந்த முடிவு பலருக்கும் ஏமாற்றம் தந்தது. சிறு தொழில் முதலீடு ஓரளவு கூடியது. ஆனால் குடும்பத்தின் மொத்த நுகர்வோ, குழந்தைகள் படிப்போ, பெண்களின் அதிகாரமோ குறிப்பிடும்படி உயரவில்லை. கடனே கூடாது என்று இதற்குப் பொருளில்லை. கந்துவட்டியிலிருந்து விடுபடுவதற்குக் கடன் உதவலாம். வறுமையிலிருந்து விடுதலை என்று அட்டைப்படத்தில் போடுவதற்கு மட்டும் ஆதாரம் போதாது.

குலுக்கல் போடாமலேயே ஒப்பீடு கிடைக்கும் நேரங்களும் உண்டு. தமிழ்நாட்டின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 அன்றுதான் மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. கொரோனா மூடலுக்குப் பிறகு பள்ளிகள் மெல்ல வழமைக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. சில பள்ளிகளில் வருகை உணவு இல்லாமலும் கூடியிருக்கக்கூடும். உணவு வந்த பள்ளியையும் வராத பள்ளியையும் அதே மாதங்களில் ஒப்பிட்டால்தான் உணவின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியும். படிப்படியாக விரியும் எந்தத் திட்டத்திலும் இந்த வாய்ப்பு இருக்கிறது. ராயபுரத்தில் இந்த ஆண்டும் திருவொற்றியூரில் அடுத்த ஆண்டும் மையம் திறக்கப் போகும் அறக்கட்டளை, இரண்டு இடத்திலும் இப்போதே குழந்தைகளின் வாசிப்பைச் சோதித்து வைத்துக்கொண்டால் போதும், செலவு பெரிதல்ல.

மாலை நேரப் படிப்பு மையங்கள் தனிக் கவனத்துக்குரியவை. ஏனென்றால் வட சென்னையின் குடியிருப்புகளில் அதிகம் காணப்படும் தொண்டுப் பணிகளில் இதுவும் ஒன்று. கொடுங்கையூரில் ஒரு மையம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பள்ளியில் ஒரு தேர்வு வைத்து, மிகக் குறைந்த மதிப்பெண் எடுத்த 40 பேரைச் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆண்டு முடிவில் 30 பேர் மதிப்பெண் கூடியிருக்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் அந்த முதல் தேர்வு நாளில் காய்ச்சலோடு வந்தவர், முந்தைய இரவு வீட்டுக்குள் மழைத்தண்ணீர் புகுந்ததால் தூங்காதவர், கேள்வித்தாளின் ஒரு பக்கத்தைத் திருப்பாமல் விட்டவர் எல்லோரும் இந்த 40 பேரில் இருப்பார்கள். அவர்கள் அடுத்த தேர்வில் தானாகவே மேலே வந்திருப்பார்கள். மிகக் கீழே இருப்பவர்களை மட்டும் பொறுக்கி எடுத்தால், யார் எதுவும் செய்யாவிட்டாலும் அவர்களின் சராசரி அடுத்த முறை ஓரளவு உயரும். இதைத் தெரிந்துகொண்டால் ஆசிரியையின் உழைப்புக்குக் குறைவு வந்துவிடாது. அவருடைய உழைப்பால் வந்தது எவ்வளவு என்று நியாயமாகச் சொல்ல முடியும்.

இன்னொரு கேள்வி இதைவிட வலிக்கும். ஆண்டு முடிவில் தேர்வு எழுதியவர்கள் யார்? கால்வாய்க் கரை, ஆற்றங்கரைக் குடியிருப்புகளிலிருந்து குடும்பங்களை அப்புறப்படுத்தி நகரின் தெற்கே கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பும் வழக்கம் இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து சென்னையில் இருக்கிறது. ஒரு குடும்பம் போனால் மையத்தின் பதிவேட்டில் ஒரு பெயர் அடிக்கப்படும். வேலைக்குப் போய்விட்ட பையனின் பெயர் அடிக்கப்படும், கல்யாணம் பேசப்பட்ட பெண்ணின் பெயர் அடிக்கப்படும். கடைசியில் மிஞ்சியிருப்பவர்கள் நிலையான வீடும் ஓரளவு நிலையான வருமானமும் உள்ள குடும்பங்களின் பிள்ளைகள். அவர்களின் சராசரி நன்றாகத்தான் இருக்கும். திட்டம் யாருக்காகத் தொடங்கப்பட்டதோ அவர்கள் கணக்கிலேயே இல்லை. விலகிப்போன குழந்தைகளைத் தேடிப் பிடித்துப் பேசுவதற்கு நான்கு பஸ் பயணமும் ஒரு களப்பணியாளரின் சில நாட்களும் செலவாகும். வட சென்னைத் திட்டங்களில் இதைவிட அதிகம் கற்றுத்தரும் செலவு வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. விலகியவர்தான் குறையைச் சொல்வார்.

இருப்பவர்கள் சொல்வது நன்றியுணர்வில் நனைந்திருக்கும். அதில் பொய் இல்லை, ஆனால் அது ஆதாரமும் இல்லை. 1939இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ், சாமர்வில் என்ற இரு ஊர்களில் இளம் சிறுவர்கள் குற்ற வழியில் போகாமல் தடுக்க ஒரு திட்டம் தொடங்கியது. 506 சிறுவர்களை ஒத்த இணைகளாகப் பிரித்து, இணையில் யாருக்கு உதவி என்பதை நாணயம் சுண்டி முடிவுசெய்தார்கள். உதவி பெற்றவர்களுக்குச் சராசரியாக ஐந்து ஆண்டுகள் வீட்டுக்கு வந்து பேசும் ஆலோசகர், தனிப்பாடம், மருத்துவம், கோடை முகாம் எல்லாம் கிடைத்தன. முப்பது ஆண்டுகள் கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் அவர்களைத் தேடிக் கண்டுபிடித்தார். உதவி பெற்றவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் அந்தத் திட்டம் தங்களுக்குப் பயன்பட்டது என்றார்கள். ஆனால் 1978இல் அவர் வெளியிட்ட ஒப்பீட்டில், உதவி பெற்ற குழு எந்த அளவுகோலிலும் மேலாக இல்லை. மீண்டும் குற்றம் செய்தல், குடிப்பழக்கம், இளவயது மரணம் போன்ற சிலவற்றில் மோசமாகவும் இருந்தது. ஒப்பீட்டுக் குழு இல்லாதிருந்தால் அந்த மூன்றில் இரண்டு பங்கினரின் நல்வாக்கே அறிக்கையின் அட்டையில் ஏறியிருக்கும்.

வட சென்னை என்றாலே அடிதடி என்று காட்டும் பொதுப்புத்தி நிதி விண்ணப்பங்களிலும் நுழைந்துவிட்டது. கால்பந்தோ குத்துச்சண்டையோ கேரமோ சொல்லிக்கொடுக்கும் மையம்கூட, 'இத்தனை இளைஞர்களைத் தீய வழியிலிருந்து மீட்டோம்' என்று எழுதினால்தான் நிதி கிடைக்கும் என்று நினைக்கிறது. அந்த இளைஞர்கள் தீய வழியில் போகவிருந்தார்கள் என்பதை யார் அளந்தார்கள்? விளையாட்டு விளையாட்டாகவே மதிப்புள்ளது. புளியந்தோப்புப் பிள்ளைக்கும் நல்ல மைதானமும் பயிற்சியாளரும் வேண்டும் என்பதற்குக் குற்றத்தைத் துணைக்கு அழைக்க வேண்டியதில்லை. தவறான அளவுகோல் உண்மையை மறைப்பதோடு ஒரு பகுதி மக்களின் முகத்தில் கரியும் பூசுகிறது.

இத்தனை கண்ணிகள் இருக்கின்றன என்பதற்காக மதிப்பீட்டைக் கைவிட வேண்டியதில்லை. அதைச் சரியாகப் பயன்படுத்திக் கற்றுக்கொண்ட அமைப்புகள் இந்தியாவிலேயே உண்டு. மும்பையில் தொடங்கிய பிரதம் அமைப்பு, பள்ளியில் பின்தங்கிய மூன்றாம் நான்காம் வகுப்புக் குழந்தைகளுக்கு அந்தப் பகுதி இளம்பெண்களைக் கொண்டு தினமும் இரண்டு மணி நேரம் அடிப்படை எழுத்தும் எண்ணும் சொல்லிக்கொடுத்தது. மும்பையிலும் வடோதராவிலும் 2001 முதல் இதைக் குலுக்கல் முறையில் மதிப்பிட்டார்கள். கற்றல் கூடியது, மிகப் பின்தங்கியவர்களுக்கே அதிகம் கூடியது. பிறகு நடந்தவைதான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் பெற்றோருக்குத் தகவல் கொடுத்துக் கூட்டம் நடத்தினால் பள்ளி திருந்தும் என்று நம்பிச் செய்து பார்த்தார்கள். கற்றலில் எதுவும் மாறவில்லை. தன்னார்வலர்கள் நடத்திய வாசிப்பு முகாமுக்கு வந்த குழந்தைகள் முன்னேறினார்கள், ஆனால் வந்தவர்கள் மிகச் சிலர். அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் பொருள்களும் மட்டும் கொடுத்துப் பார்த்தபோது, அவை வழக்கமான பாடநேரத்தில் பயன்படாமலே கிடந்தன. ஹரியானாவில் பள்ளி நேரத்திலேயே ஒரு மணி நேரத்தை இதற்கென ஒதுக்கி, வயதைப் பார்க்காமல் கற்றல் நிலையைப் பார்த்துக் குழந்தைகளைப் பிரித்து, மேற்பார்வையும் சேர்த்தபோதுதான் அரசு ஆசிரியர்களைக் கொண்டே அது பலித்தது.

இந்த வரிசையில் ஜான்பூர்த் தோல்வியை மறைத்திருந்தால் ஹரியானா வந்திருக்காது. அதற்கு ஏற்பாடுகள் இருந்தன என்பதையும் பார்க்க வேண்டும். மதிப்பிட்டவர்கள் வேலையை நிறுத்தச் சொல்லவில்லை, அடுத்து எதை மாற்றிப் பார்க்கலாம் என்று அமைப்போடு உட்கார்ந்து பேசினார்கள். பணம் கொடுத்தவர்களும் ஒரு முறை பலிக்கவில்லை என்பதற்காக ஓடிவிடவில்லை. இந்த வகை ஆய்வுகளை முன்னெடுத்த அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரெமர் மூவருக்கும் 2019இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. நம் ஊர் அமைப்புகள் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது குலுக்கல் முறையை மட்டும் அல்ல என்று நினைக்கிறேன். கேட்டு, மாற்றி, மறுபடி கேட்கும் பொறுமை அதைவிடப் பெரிது.

வேறிடத்தில் பலித்தது இங்கே பலிக்குமா என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டிலிருந்து புறப்பட்ட கதையே பாடம். 1980இல் உலக வங்கி உதவியோடு கிராமப்புறங்களில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், 6 மாதம் முதல் 36 மாதம் வரையான குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டது. எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாட்கள் கூடுதல் உணவு, தாய்க்கு ஆலோசனை. கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு கணிசமாகக் குறைந்தது. அதைப் பார்த்து 1990களில் வங்கதேசம் அதே மாதிரியில் ஒரு திட்டம் நடத்தியது. எதிர்பார்த்த பலன் வரவில்லை. காரணத்தைத் தேடியவர்கள் இரண்டு ஆட்களைச் சுட்டினார்கள். அங்கே பல வீடுகளில் கடைக்குப் போய்ச் சாமான் வாங்குவது கணவர். சமையலறையில் யாருக்கு எவ்வளவு என்று முடிவுசெய்வது மாமியார். திட்டமோ தாய்க்கு மட்டும் பாடம் நடத்திக்கொண்டிருந்தது.

வட சென்னைக்குள் இந்தக் கேள்வியை எடுத்துப் போனால் தெருவுக்குத் தெரு விடை மாறும். விடியும் முன்பே ஏலத்துக்குப் போகிற காசிமேட்டுப் பெண்ணின் குழந்தைக்குக் காலையில் சோறு ஊட்டுவது பாட்டியா, அக்காவா? மணலியில் ஒப்பந்தத் தொழிலாளியாக ஷிப்ட் மாறி மாறி வேலை பார்ப்பவர் வீட்டில் பள்ளி கூட்டத்துக்கு யார் வருவார்? கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்கில் பொறுக்கி வாழும் குடும்பத்தில் மாலை ஐந்து மணி என்பது படிப்பு நேரமா, பிரித்துக் கட்டும் நேரமா? வாசிப்பு முன்னேறவில்லை என்ற எண் மட்டும் கையில் இருந்தால் புத்தகத்தை மாற்றுவார்கள். இந்த விடைகளும் கூட இருந்தால் நேரத்தை மாற்றுவார்கள். எண்ணிக்கையும் பேச்சும் சேர்ந்தால்தான் மதிப்பீடு கண் திறக்கும்.

பணம் கொடுப்பவர்களின் பக்கம் வருவோம், அடைப்பு அங்கேதான் இருக்கிறது. 1976இல் டொனால்ட் கேம்பெல் என்ற சமூக அறிவியலாளர் ஒன்றைச் சுட்டிக்காட்டினார். எந்த எண்ணை வைத்து முடிவுகள் எடுக்கப்படுகின்றனவோ, அந்த எண்ணையே வளைக்கும் அழுத்தம் கூடும், அது அளக்க வந்த விஷயமும் கெடும். மையத்துக்கு 90 விழுக்காடு வருகை இல்லாவிட்டால் நிதி குறையும் என்றால் பதிவேட்டில் டிக் கூடும். இடைநிற்றல் பூஜ்யம் வேண்டும் என்றால், நின்றுவிடக்கூடிய குழந்தையை முதலிலேயே சேர்க்க மாட்டார்கள். ஒரே குழந்தை மூன்று அமைப்புகளின் அறிக்கையில் மூன்று பயனாளிகளாக நடமாடும். களத்தில் இருப்பவர்களை இதற்காகக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாதச் சம்பளம் அந்த எண்ணில் தொங்கும்போது அவர்கள் வேறென்ன செய்வார்கள்?

நிதி நேர்மையையும் திட்டத்தின் பலனையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பணம் எங்கே போனது என்பதற்குக் கறாரான தணிக்கை வேண்டும், அதில் இரக்கம் தேவையில்லை. ஆனால் நேர்மையாகச் செலவு செய்து, நேர்மையாக முயன்று, பலன் வரவில்லை என்று சொல்கிறவரைத் தண்டிப்பது அடுத்த ஆண்டு பொய் சொல்லச் சொல்லிக்கொடுப்பதாகும். அறக்கட்டளை ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதலாம்: மதிப்பீட்டில் வரும் பாதகமான முடிவு மட்டுமே காரணமாக நிதி நிறுத்தப்படாது, திருத்தத்துக்கு இவ்வளவு காலமும் இவ்வளவு தொகையும் உண்டு. ஓராண்டு நிதியில் எதையும் மாற்றிப் பார்க்க முடியாது, மூன்றாண்டாவது வேண்டும். முப்பது குறியீடுகளைக் கேட்பதற்குப் பதில் மூன்றைக் கேட்கலாம். அந்த மூன்றைப் பற்றி மையத்துக்கே வந்து, தரையில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசலாம். ஒரே வார்டில் பணம் செலவிடும் அறக்கட்டளைகள் தனித்தனியாகக் கணக்கெடுப்பு நடத்தாமல் ஒன்றாக நடத்தினால் செலவும் குறையும். ஒரே குடும்பத்தின் கதவை மூன்று பேர் வெவ்வேறு வினாநிரலோடு தட்டும் கொடுமையும் நிற்கும்.

கதவைத் தட்டுவது பற்றிச் சொல்லியாக வேண்டும். எண்ணூர் கழிமுகத்தை ஒட்டிய மீனவ ஊர்களில் 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்தபோதும் மக்களின் இழப்பு திரும்பத் திரும்ப எழுதப்பட்டது. வலையின் விலை, படகின் நிலை, தோலில் வந்த அரிப்பு எல்லாவற்றையும் சொன்னவருக்கு அந்தக் கணக்கெல்லாம் சேர்ந்து என்ன சொன்னது என்று தெரியும் உரிமை இருக்கிறது. குழந்தைகளின் தகவல் என்றால் சட்டமும் குறுக்கே நிற்கிறது. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. அட்டைப்படச் சிறுமிகளுக்கும் இதே மரியாதை பொருந்தும்.

சிறிய அமைப்பு இதில் எங்கே தொடங்குவது? ஒரு முடிவிலிருந்து தொடங்கலாம். அடுத்த ஜூனில் பள்ளி திறக்கும்போது நாம் எதை மாற்றக்கூடும்? நேரத்தையா, வகுப்புப் பிரிவையா, ஆசிரியை எண்ணிக்கையையா? அந்த முடிவுக்கு உதவாத எந்தத் தகவலையும் சேகரிக்க வேண்டாம். 60 குழந்தைகள் உள்ள மையத்தில் பெரிய புள்ளியியல் சோதனைக்கு இடமில்லை. நான்கைந்து பேர் கூடினாலும் குறைந்தாலும் அது தற்செயலாக இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு குழந்தையும் எழுத்து, சொல், வாக்கியம், பத்தி என்ற படிகளில் எங்கே நிற்கிறது என்று இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பார்த்து எழுதலாம். இடத்தைவிட அதிகம் பேர் விண்ணப்பித்தால் சிபாரிசுக்கு இடம் கொடுக்காமல் பெற்றோர் முன்னிலையில் குலுக்கல் போடலாம். அது நியாயமாகவும் இருக்கும், இடம் கிடைக்காதவர்களின் பெற்றோர் சம்மதித்தால் ஒப்பீடும் கிடைக்கும். அந்தக் குழந்தைகளுக்கு அடுத்த சுற்றில் முதலிடம் என்று வாக்குக் கொடுத்துக் காப்பாற்ற வேண்டும்.

பிறகு முடிவைத் தெருவுக்கே கொண்டுவர வேண்டும். ஆங்கிலத்தில் அச்சிட்ட நாற்பது பக்க அறிக்கையைத் தமிழில் ஒரு தாளாக்கி, பெயர்கள் இல்லாமல், மையத்தின் சுவரில் ஒட்டலாம். பெற்றோர் கூட்டத்தில் வாசித்து, எங்கே சரியில்லை என்று கேட்கலாம். 1918இல் பின்னி ஆலைத் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டிய பகுதி இது. கணக்குக் கேட்பதும், பதில் பிடிக்காவிட்டால் எழுந்து நின்று பேசுவதும் பெரம்பூருக்குப் புதிதல்ல. அவர்களை வெறும் பயனாளிகள் என்ற பட்டியலில் அடைத்தது நம் படிவங்கள்தான்.

இதற்கெல்லாம் நேரம் வேண்டும், நேரத்துக்குச் சம்பளம் வேண்டும். பகல் முழுவதும் வீடுகளுக்குப் போய்விட்டு மாலையில் வகுப்பும் எடுக்கும் பெண் ஊழியரின் தலையில் மதிப்பீட்டையும் கூடுதல் வேலையாகக் கட்டினால் மார்ச் மாத அவசரம்தான் திரும்பும். மாதத்தில் நான்கு நாட்கள் அவர் வகுப்பு எடுக்காமல் விலகிய குழந்தைகளைத் தேடிப் போகவும், எழுதவும், சக ஊழியர்களோடு உட்கார்ந்து பேசவும் சம்பளத்தோடு விடப்பட வேண்டும். அந்த நாட்களில் வகுப்பைப் பார்த்துக்கொள்ள இன்னொருவருக்கும் ஊதியம் வேண்டும். இந்த இரண்டு தொகையும் நிதி விண்ணப்பத்தில் தனி வரியாக இடம்பெற வேண்டும். நிர்வாகச் செலவு என்று சொல்லி வெட்டப்படும் முதல் வரியாக அது இருக்கக் கூடாது.